காட்டுக்கும் ஒரு முறை தண்ணீர்

விடுமுறை நாள் என்றால் பிச்சாவரம் படகுத்துறையில் டிக்கெட் வரிசை நீண்டுவிடுகிறது. சென்னைக் கார்கள், புதுச்சேரி வேன்கள், ‘இதயக்கனி’ படம் எடுத்த இடத்தைக் காட்டச் சொல்லும் பெரியவர்கள், ‘தசாவதாரம்’ எடுத்த இடத்தைக் கேட்கும் பிள்ளைகள்.

மோட்டார் படகு அகலமான வாய்க்காலோடு திரும்பிவிடும். காட்டைப் பார்க்க வேண்டுமென்றால் துடுப்புப் படகுதான். கிளைகள் தலைக்குமேல் கூடிய குறுகலான வாய்க்காலுக்குள் நுழைந்ததும் வெயில் காணாமல் போகிறது. இருபுறமும் சுரபுன்னையின் தாங்குவேர்கள் வளைந்து நீரில் ஊன்றி நிற்கின்றன. நீர் வற்றும் நேரமாக இருந்தால் இன்னும் விசேஷம். சேற்றிலிருந்து விரல் விரலாக நீட்டிக்கொண்டிருக்கும் வெண்கண்டலின் மூச்சுவேர்கள். அவற்றுக்கிடையே ஒற்றைப் பெருங்கொடுக்கை ஆட்டும் நண்டுகள். வேரில் தொற்றி ஏறும் சேற்றுமீன். சற்றுத் தள்ளி, மார்பளவு நீரில் இறங்கிய இருளர்கள் வலையில்லாமல் கையாலேயே இறாலைத் தடவிப் பிடித்துப் பறியில் போடுகிறார்கள். அதிர்ஷ்டமிருந்தால் நீர்நாய் தலைகாட்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை போனால் வலசைப் பறவைகளும் உண்டு.

வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம், நடுவில் சுமார் 1,100 ஹெக்டேர் அலையாத்திக் காடு. 2004 சுனாமியில் பின்னாலிருந்த ஊர்களைக் காத்த காடு. 2022-இல் உலக முக்கியத்துவமுள்ள ஈரநிலங்களின் ராம்சர் பட்டியலிலும் ஏறிவிட்டது. ஆனால் பட்டியலில் ஏறிவிட்டால் தண்ணீர் வந்துவிடுமா?

இந்தக் காடு கடலை மட்டும் நம்பி வளர்ந்ததல்ல. உப்புநீரோடு ஆற்றுநீரும் கலந்தால்தான் இதற்கு வாழ்வு. கொள்ளிடத்தின் நீரை 1836-இல் கட்டிய கீழணை மறித்து வயல்களுக்குத் திருப்புகிறது. ஒரு பங்கு வடவாறு வழியாக வீராணம் ஏரிக்குப் போய், 2004 முதல் குழாயில் சென்னைக்குப் பயணமாகிறது. படகில் உட்கார்ந்து செல்ஃபி எடுக்கும் சென்னைக்காரர் வீட்டில் குடிப்பதிலும் இந்த ஆறு இருக்கலாம். கோடையில் காட்டுக்கு மிஞ்சுவது உப்பு.

விளைவு கண்ணெதிரே தெரிகிறது. உப்பை அதிகம் தாங்கும் வெண்கண்டல்தான் இன்று காட்டின் பெரும்பகுதி. அந்தக் காலத்தில் மொத்தமாக மரம் வெட்டிய இடங்கள் பள்ளமாகி, கடல்நீர் தேங்கி, உப்பேறிக் கட்டாந்தரையாயின. 1990-களிலிருந்து அங்கே மீன்முள் வடிவில் வாய்க்கால் வெட்டி, கன்று நட்டு மீட்டார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் வாய்க்கால் வெட்டினால் கடல்நீர் வரும். ஆற்றுநீர் மேலேயிருந்து விட்டால்தான் வரும்.

‘பயிருக்கே போதவில்லை, காட்டுக்கா?’ என்று விவசாயி கேட்பதில் நியாயம் உண்டு. வெள்ளக்காலத்தில் லட்சம் கன அடிக்குமேல் கடலுக்குப் போகிறதே என்பார்கள் சிலர். அது சில நாள் கூத்து. காடு கேட்பது வறண்ட மாதங்களில் சிறிதளவு, ஆனால் விடாமல். இறால் குஞ்சு வளர்வதும், அதை நம்பிய குடும்பங்களின் அடுப்பு எரிவதும் அதில்தான்.

பிச்சாவரமும் காவிரியின் கடைமடைதான். கடைமடை வயலுக்கு முறை வைத்துத் தண்ணீர் விடுகிறோம். இந்தக் காட்டுக்கும் ஒரு முறை வையுங்கள். படகுத்துறைக்கு வண்ணம் அடிப்பதை அதற்குப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.