கண்ணில்லாத வண்டுக்கு ஒரு பெயர்

மாணவர்களே, பொன்வண்டைப் பிடித்துத் தீப்பெட்டியில் அடைத்து, அதற்கு இலை கொடுத்து வளர்த்த அனுபவம் உங்களில் சிலருக்கு இருக்கலாம். அப்படி நீங்கள் பிடித்த வண்டு, இதுவரை உலகில் எந்த அறிஞரும் பார்த்திராத ஒரு புது வகை என்று வைத்துக்கொள்வோம். நீங்கள் ஒரு புதிய உயிரினத்தைக் கண்டுபிடித்துவிட்டீர்கள் என்று சொல்லலாமா?

'ஏன் சொல்லக்கூடாது?' என்று கேட்பீர்கள். அறிவியல் அதற்கு அவ்வளவு எளிதில் சம்மதிப்பதில்லை. ஒரு பொருள் கண்ணில் படுவது வேறு; அது புதியது என்று எல்லோருக்கும் மெய்ப்பிப்பது வேறு. இரண்டுக்கும் இடையில் நீண்ட வழி இருக்கிறது. அந்த வழியைத் தெரிந்துகொள்ள, ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்த ஒரு வண்டின் கதையைப் பார்ப்போம்.

விளக்குப் பணியாளர் கண்ட வண்டு

ஐரோப்பாவில் இத்தாலிக்குக் கிழக்கே ஸ்லோவேனியா என்ற சிறிய நாடு இருக்கிறது. அதன் கணிசமான பகுதி சுண்ணாம்புப் பாறை. மழைநீர் மண்ணிலுள்ள கரியமில வாயுவைக் கரைத்துக்கொண்டு மென்மையான அமிலமாக மாறுகிறது. பாறையின் வெடிப்புகளில் இறங்கி, அதைச் சிறிது சிறிதாகக் கரைக்கிறது. இலட்சக்கணக்கான ஆண்டுகள் இவ்வாறு நடந்தால் என்ன ஆகும்? பூமிக்கு அடியில் மாபெரும் குகைகள் உண்டாகும். அந்த நாட்டில் பதினாயிரத்துக்கும் மேற்பட்ட குகைகள் அறியப்பட்டுள்ளன. அவற்றுள் புகழ்பெற்றது போஸ்தோய்னா குகை.

1818ஆம் ஆண்டு அந்தப் பகுதி ஆஸ்திரியப் பேரரசின் ஆட்சியில் இருந்தது. பேரரசர் குகையைப் பார்க்க வருவதாக இருந்ததால் ஏற்பாடுகள் நடந்துகொண்டிருந்தன. அப்போது லூகா செச் என்ற உள்ளூர்த் தொழிலாளி, அதுவரை எவரும் அறியாத உட்பகுதிகளைக் கண்டார். அடுத்த ஆண்டு முதல் பொதுமக்கள் குகையைக் காண வரத் தொடங்கினார்கள். குகையில் விளக்கேற்றும் பணிக்குத் துணையாக இருந்தவர் செச்.

1831ஆம் ஆண்டு அதே செச் குகையின் உள்ளே ஒரு விந்தையான வண்டைக் கண்டார். வேறொருவராக இருந்தால் 'ஏதோ ஒரு பூச்சி' என்று தட்டிவிட்டுப் போயிருப்பார். செச் அதை எடுத்துப் பத்திரப்படுத்தினார். அது பிரான்ஸ் வான் ஹோஹென்வார்ட் என்ற பிரபுவின் கைக்குச் சென்றது. இயற்கைப் பொருள்களைச் சேகரிப்பதில் ஆர்வமுள்ள அவருக்கும் அது இன்னதென்று புரியவில்லை. அவர் அதை லியுப்லியானா நகரத்திலிருந்த பெர்டினாண்ட் ஷ்மிட் என்பவரிடம் கொடுத்தார். ஷ்மிட்டுக்குத் தொழில் வணிகம். உள்ளம் ஈடுபட்டதோ வண்டுகளில்!

ஷ்மிட் அதைக் கூர்ந்து பார்த்தார். ஒரு சென்டிமீட்டர் அளவே உள்ள செம்பழுப்பு நிற வண்டு. கழுத்துப் பகுதி நூல்போல் மெலிந்திருந்தது. வயிறோ ஊதிய பலூன்போல் உருண்டிருந்தது. கால்களும் உணர்கொம்புகளும் உடலுக்குப் பொருந்தாத அளவுக்கு நீளம். கண்கள்? அவை இல்லவே இல்லை!

1832ஆம் ஆண்டு ஷ்மிட் இவ்வண்டைப் பற்றி எழுதி வெளியிட்டார். 'லெப்டோடைரஸ் ஹோஹென்வார்ட்டி' என்று பெயரும் சூட்டினார். கிரேக்க மொழியில் 'லெப்டோஸ்' என்றால் மெல்லிய. 'டெய்ரே' என்றால் கழுத்து. பின்பகுதி, வண்டைத் தமக்குத் தந்த பிரபுவின் பெயர். குகை வாழ்க்கைக்கென்றே அமைந்த ஒரு பூச்சி அறிவியலில் பதிவானது அதுவே முதல் முறை.

ஒரே ஒரு வண்டு போதாது என்பது ஷ்மிட்டுக்குத் தெரியும். இன்னொன்றைக் கொண்டுவருபவருக்குப் பரிசு தருவதாக அறிவித்தார். ஆனால் அடுத்த வண்டு கிடைக்கப் பத்து ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அதற்கிடையே தேடிச் சென்றவர்களின் கண்ணில் வேறு பல குகைப் பூச்சிகளும் சிலந்திகளும் பட்டன. டென்மார்க் நாட்டு விலங்கியலறிஞர் ஷியோட்டெ நிலத்தடி உயிர்களைப் பற்றித் தனி நூலே எழுதி 1849இல் வெளியிட்டார். வெறும் பாழிடம் என்று கருதப்பட்ட குகைகளில் ஓர் உயிர் உலகமே இருந்தது தெரியவந்தது. குகை உயிரியல் என்ற தனித்துறை இப்படித்தான் தொடங்கியது.

கண் எங்கே போயிற்று?

இரவில் மின்சாரம் தடைப்பட்டால் முதலில் ஒன்றும் தெரிவதில்லை. சில நிமிடங்களில் கதவும் சன்னலும் மங்கலாகத் தெரியத் தொடங்குகின்றன. எங்கிருந்தோ சிறிது ஒளி வருவதுதான் காரணம். குகையின் ஆழத்தில் அந்தச் சிறிது ஒளியும் கிடையாது. அங்கே ஒரு மணி நேரம் காத்திருந்தாலும் உங்கள் கையே உங்களுக்குத் தெரியாது. ஒளி இல்லாத இடத்தில் எவ்வளவு கூரிய கண்ணும் பயனற்றதே.

பயன்படுத்தாமையால் குகை விலங்குகள் கண்களை இழந்தன என்று 1859இல் வெளிவந்த தமது நூலில் டார்வின் கருதினார். இன்றைய விளக்கம் இன்னும் தெளிவானது. கண்ணை உருவாக்கும் மரபணுக்களில் அவ்வப்போது மாறுதல்கள் நேர்கின்றன. வெளியுலகில் பார்வை குறைந்த வண்டு எதிரிக்கு இரையாகிவிடும். அந்தக் குறை அடுத்த தலைமுறைக்குச் செல்லாது. இருளில் அத்தகைய வடிகட்டல் இல்லை. ஆகவே குறைகள் தலைமுறை தலைமுறையாகச் சேர்ந்துகொண்டே போகின்றன. மேலும், கண்ணையும் அதற்குரிய நரம்பையும் வளர்க்க ஆற்றல் வேண்டும். உணவு அரிதான இடத்தில் அந்தச் செலவு மிச்சமானால் நன்மைதானே! பார்வைக்குப் பதிலாக நீண்ட உணர்கொம்புகளும் கால்களும் தொட்டும் முகர்ந்தும் வழி காட்டுகின்றன.

குகையின் வெப்பநிலையும் நாம் அறிய வேண்டியதே. பாறை வெப்பத்தை மெதுவாகவே கடத்தும். கோடையின் வெப்பமும் குளிரின் தண்மையும் பூமிக்குள் சில மீட்டர் இறங்குவதற்குள் வலுவிழந்துவிடும். பத்துப் பதினைந்து மீட்டர் ஆழத்துக்குக் கீழே ஆண்டு முழுவதும் கிட்டத்தட்ட ஒரே வெப்பநிலை. அது மேலே உள்ள ஊரின் ஆண்டுச் சராசரிக்கு நெருக்கமாக இருக்கும். போஸ்தோய்னாவில் அது ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ். காற்றில் ஈரப்பதமோ நூறு சதவீதத்தை ஒட்டி இருக்கும். இத்தகைய மாறாத உலகில் வாழப் பழகிய பூச்சியை வெளியே கொண்டுவந்தால் வெப்பத்தையும் வறண்ட காற்றையும் அதனால் தாங்க இயலாது.

பிறப்புச் சான்றிதழ்

இன்று ஓர் ஆய்வாளர் குகையில் ஒரு புதுமையான வண்டைக் கண்டால் என்ன செய்கிறார்? முதலில் உரிய அனுமதியோடு சில வண்டுகளை மட்டும் எடுத்துச் சாராயத்தில் இட்டுப் பாதுகாக்கிறார். உடனே ஒரு சீட்டில் குகையின் பெயர், இடம், நாள், எடுத்தவர் பெயர் ஆகியவற்றைக் குறிக்கிறார். இந்தச் சீட்டு இல்லாவிட்டால் வண்டுக்கு மதிப்பில்லை என்றே சொல்லலாம்!

அடுத்து, நுண்ணோக்கியின் கீழ் வைத்து உடலின் ஒவ்வொரு பகுதியையும் அளக்கிறார். உணர்கொம்பின் கணுக்கள், கால்களின் நீளம், உடலிலுள்ள நுண்மயிர்கள், எல்லாம் கணக்கில் வரும். வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலவே இருக்கும் வண்டுகளைப் பிரித்தறிய, ஆண் வண்டின் இனப்பெருக்க உறுப்பின் வடிவம் பெரிதும் உதவுகிறது. இன்று மரபணுச் சோதனையும் சேர்ந்துகொண்டது.

இனித்தான் கடினமான வேலை. நெருங்கிய உறவுள்ள வண்டுகள் அனைத்தையும் பற்றி முன்னோர் எழுதியவற்றைத் தேடிப் படிக்க வேண்டும். நூறு ஆண்டுக்கு முற்பட்ட ஜெர்மன், பிரெஞ்சுக் கட்டுரைகளும் அவற்றில் அடங்கும். அருங்காட்சியகங்களில் உள்ள மாதிரிகளோடு ஒப்பிட வேண்டும். இவை எதிலும் இது அடங்காது என்று உறுதியான பிறகே 'புதிய சிற்றினம்' என்று எழுதலாம். வண்டைப் பிடிக்க ஒரு நாள் போதும். இந்த ஒப்பீட்டுக்குப் பல ஆண்டுகள் ஆவதுண்டு.

பின்னர் ஒரே ஒரு வண்டை 'மூல மாதிரி' என்று தேர்ந்தெடுத்து அருங்காட்சியகத்தில் வைக்கிறார்கள். இதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்குகிறேன். ஒரு கிலோகிராம் என்றால் எவ்வளவு என்பதற்கு 1889 முதல் 2019 வரை, பாரிஸ் அருகே பாதுகாக்கப்பட்ட ஓர் உலோக உருளையே அளவுகோலாக இருந்தது. ஐயம் வந்தால் இறுதியில் அதனோடுதான் ஒப்பிட வேண்டும். இயற்பியலார் 2019இல் அந்த உருளைக்கு ஓய்வு கொடுத்துவிட்டனர். விலங்கியலாருக்கோ மூல மாதிரி இன்றும் தேவை. நாளை ஒருவர் 'என்னிடம் இருப்பதும் அந்த வண்டுதானா?' என்று கேட்டால், அதனோடு ஒப்பிட்டுத்தான் விடை சொல்வார்கள்.

பெயருக்கும் விதிகள் உண்டு. லின்னேயஸ் 1758இல் வெளியிட்ட பதிப்பே விலங்குப் பெயர்களுக்குத் தொடக்கம். முதல் சொல் பேரினம். இரண்டாவது சொல் சிற்றினம். முறைப்படி முதலில் வெளியான பெயருக்கே உரிமை. ஒருவர் தம் பெயரையே வண்டுக்குச் சூட்டிக்கொள்வது நாகரிகமாகக் கருதப்படுவதில்லை.

பெயரால் வந்த ஆபத்து

ஸ்லோவேனியாவின் சில குகைகளில் மட்டுமே வாழும் மற்றொரு கண்ணில்லாத வண்டு உண்டு. அதற்கு 1937ஆம் ஆண்டு ஓஸ்கர் ஷைபெல் என்பவர் சூட்டிய பெயர் 'அனோப்தால்மஸ் ஹிட்லரி'. ஆம், ஜெர்மனியின் சர்வாதிகாரி ஹிட்லரின் பெயரேதான்! பின்னாளில் அந்தப் பெயர் உலகமே வெறுக்கும் பெயராயிற்று. ஆனாலும் வண்டின் பெயர் மாறவில்லை. பொருள் பிடிக்கவில்லை என்பதற்காக ஒரு பெயரை நீக்கினால், எது எந்த உயிரினம் என்ற குழப்பம் வரும் என்பது பெயர் விதிகளைப் பேணுவோரின் வாதம்.

இதன் விளைவு வருந்தத்தக்கது. ஹிட்லர் நினைவுப் பொருள்களைத் தேடி வாங்கும் சிலர் இந்த வண்டுக்கும் விலை கொடுக்க முன்வந்தனர். பணத்துக்காகக் குகைக்குள் திருட்டுத்தனமாகப் பொறி வைப்போரும் தோன்றினர். தன் பெயரின் பொருள்கூட அறியாத ஒரு சிற்றுயிர் அந்தப் பெயராலேயே அழிவை நெருங்கியது!

அதற்காகப் பெயரே வேண்டாம் என்று சொல்லிவிட முடியுமா? இல்லை. மெல்லிய கழுத்துடைய லெப்டோடைரஸ் இன்று ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டப்படி பாதுகாக்கப்படும் உயிரினங்களின் பட்டியலில் இருக்கிறது. பட்டியலில் சேர வேண்டுமானால் பெயர் வேண்டும். பெயர் வேண்டுமானால் யாராவது உட்கார்ந்து அளந்து, ஒப்பிட்டு, எழுதியிருக்க வேண்டும். குகை உயிர்களுள் பல, ஒரே ஒரு குகையிலோ ஒரு மலைத்தொடரிலோ மட்டும் வாழ்பவை. மேலே கொட்டும் கழிவு மழைநீரோடு பாறை வெடிப்புகளில் இறங்கினால், அல்லது மலையே கல்லுடைக்கும் களமானால், அவை போய் ஒதுங்க வேறு இடமில்லை. பெயரிடப்படாத ஓர் இனம் அப்படி அழிந்தால், அழிந்தது என்பதுகூட நமக்குத் தெரியாது.

இதுவரை உலகில் பெயர் பெற்ற வண்டுச் சிற்றினங்கள் ஏறத்தாழ 4 இலட்சம். பெயர் பெறாதவை இன்னும் ஏராளம். லெப்டோடைரஸின் பெயரில் பிரபுவுக்கு இடம் கிடைத்தது. விளக்குப் பணியாளர் லூகா செச்சுக்குக் கிடைக்கவில்லை. ஆனால் இன்று இந்த வண்டின் வரலாற்றை எழுதுவோர் செச்சிடமிருந்தே தொடங்குகிறார்கள். அவர் படித்துப் பட்டம் பெற்றவர் அல்லர். தினமும் நடந்த வழியில் வழக்கத்துக்கு மாறான ஒன்றைக் கவனித்தார். அதை அறிந்தவரிடம் சேர்த்தார். அவ்வளவுதான்.

உங்கள் ஊரின் வயலிலோ, பாழுங்கிணற்றின் படியிலோ, மலைப்பாறை இடுக்கிலோ வித்தியாசமான பூச்சி ஒன்றைக் கண்டால், அதை நசுக்காதீர்கள். எங்கே, எந்த நாளில், என்ன செய்துகொண்டிருந்தது என்று ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதுங்கள். முடிந்தால் படமும் வரையுங்கள். பிறகு உங்கள் உயிரியல் ஆசிரியரிடம் காட்டிக் கேளுங்கள். பெரும்பாலும் அது முன்பே பெயர் பெற்ற பூச்சியாகத்தான் இருக்கும். அந்தப் பெயரைத் தேடிக் கண்டறிவதற்குள் வண்டுகளைப் பற்றி நீங்கள் நிறையத் தெரிந்துகொண்டிருப்பீர்கள்.