கடல் பிரிக்கும் முன்பே பிரிந்த உயிர்கள்

தவளைகளைப் பற்றிப் பெண்கள் சஞ்சிகையில் எழுதுவானேன் என்று வாசகியர் சிலர் எண்ணக்கூடும். மகளிர் குழுக்களில் நான் இதைப் பேசியபோதும் முதலில் சிரிப்புத்தான் எழுந்தது. ஆனால் ஓர் உயிர் எங்கிருந்து வந்தது, அது வாழ்ந்த இடம் பறிபோனால் என்ன நேரும் என்ற கேள்விகள் இடம்பெயர்ந்து வாழ்ந்த எமக்குப் புதியவை அல்ல.

வெப்பவலயக் காடுகளில் இத்தனை வகை உயிரினங்கள் எவ்வாறு தோன்றின? இக்கேள்விக்கு விடை தேடும் விஞ்ஞானிகளுக்கு இலங்கை முக்கியமான ஓர் இடமாகும். இங்குள்ள ஏறத்தாழ 120 வகைத் தவளை, தேரை முதலியவற்றில் பத்தில் ஒன்பது பங்கு அளவானவை உலகில் வேறெங்கும் இல்லை. நன்னீர் நண்டுகளின் நிலையும் இதுவே.

கடல்மட்டம் தாழ்ந்திருந்த பனிக்காலங்களில் பாக்குநீரிணை தரையாக இருந்தது. இந்தியாவுடனான கடைசித் தரைத்தொடர்பு அறுந்து சுமார் பத்தாயிரம் ஆண்டுகளே ஆகின்றன. ஆகவே இரு பக்கத்து உயிரினங்களும் பெரிதும் ஒன்றே என நெடுங்காலம் கருதப்பட்டது. மாதவ மீகஸ்கும்புர உள்ளிட்ட ஆய்வாளர்கள் தவளை, நண்டு, மீன், பாம்பு முதலியவற்றின் மரபணுக்களை ஒப்பிட்டு 2004 இல் வெளியிட்ட ஆய்வு இக்கருத்தை மாற்றியது. இங்குள்ளவற்றிற் பல தமக்கெனத் தனிப் பரம்பரை கொண்டவை. தரை இருந்தும் அவை அதிகம் கடக்கவில்லை. இடையில் இருந்த வறண்ட சமவெளியே ஈரக்காட்டு உயிர்களுக்கு வேலியாக நின்றது எனக் கருதப்படுகின்றது.

பற்றைத்தவளைகள் இதற்கு நல்ல உதாரணம். சுமார் மூன்று கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கு வந்த மூதாதையிலிருந்து எழுபதுக்கு மேற்பட்ட இனங்கள் தோன்றியுள்ளன. இவை குளத்தில் முட்டையிடுவதில்லை. பல இனங்களில் தாய்த்தவளை ஈரமண்ணைக் கிண்டி, முட்டையிட்டு, மண்ணால் மூடிவிடும். வாற்பேத்தைப் பருவம் வெளியே இல்லை; முட்டையிலிருந்து நேரே குட்டித்தவளை வரும். நீர்நிலை தேவையில்லை, ஆனால் நிலம் காயக்கூடாது. காலநிலை வறண்டு காடுகள் மலைகளில் ஒதுங்கியபோது, ஒவ்வொரு மலையிலும் தனித்துப்போன கூட்டம் காலப்போக்கில் தனி இனமாயிற்று.

ஒரு மலையில் மட்டும் வாழும் உயிருக்கு அந்த மலைக்காடு போனால் வேறு போக்கிடம் இல்லை. 1830களிலிருந்து கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் மலைக்காடுகள் பெருமளவில் அழிக்கப்பட்டன. பத்துக்கும் மேற்பட்ட பற்றைத்தவளை இனங்கள் இன்று அருங்காட்சியகப் போத்தல்களில் மட்டுமே உள்ளன. 1853 இல் விபரிக்கப்பட்டு, அழிந்துவிட்டதாகக் கருதப்பட்ட ஓர் இனம் 2009 இல் சிவனொளிபாதமலைக் காட்டில் மீண்டும் காணப்பட்டது. எஞ்சிய காட்டுத்துண்டு இருந்தமையாலேயே அது பிழைத்தது.

அந்த மலைகளில் உழைத்தவர்கள் எமது பெண்களின் பாட்டிமார். காட்டை வெட்ட முடிவெடுத்தவர்கள் அவர்கள் அல்லர். 1977, 1983 வன்செயல்களின் பின் அவர்களுட் பல குடும்பங்கள் வன்னிக்கு வந்து, போரினால் மீண்டும் இடம்பெயர்ந்தன.

“எங்களுக்கே இருக்க இடமில்லை. தவளைக்கு இடம் விடச் சொல்லுறியளோ, பிள்ளை?” என்று ஒரு குழுவில் மூத்த அம்மா ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. தனித்து நிற்கும் ஒரு பெண் குடிசைக்காகத் துப்புரவாக்கும் கால் ஏக்கரினால் இந்த இனங்கள் அழியவில்லை. ஆயிரக்கணக்கான ஏக்கரைப் பற்றிய முடிவுகள் அங்கு வாழ்பவர்களைக் கேளாமல் எடுக்கப்பட்டதே காரணம்.

ஆகவே காணி, காடு, குளம் பற்றிய கூட்டம் கிராமத்தில் நடக்கும்போது மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் சார்பில் இருவராவது செல்லுங்கள். எந்த நிலம் வெட்டப்படுகிறது, யாருக்காக, ஓடைக்கரை மரங்கள் விடப்படுமா என்று கேளுங்கள். பதிலைக் கூட்டக் குறிப்பில் எழுதச் சொல்லுங்கள். வெட்டிய காட்டில் மரத்தை மீண்டும் நடலாம். மூன்று கோடி ஆண்டுகளில் உருவானதை நட முடியாது.