தூர்காவ்: கோடு போடாத ஒரு மாவட்டத்தின் கதை

இன்னைக்கு நாம பேசப்போறது ஒரு மாவட்டத்தைப் பத்தி. ஸ்விட்சர்லாந்தோட வடகிழக்கு மூலையில, கான்ஸ்டன்ஸ் ஏரிக்குத் தெற்கே தூர்காவ்னு ஒரு மாநிலம் இருக்கு. அந்த ஊர் பாஷையில மாநிலத்தை கான்டன்னு சொல்வாங்க. மொத்தமே சுமார் 990 சதுர கிலோமீட்டர்தான். நடுவுல தூர்னு ஒரு ஆறு ஓடுது, சுத்தி ஆப்பிள் தோட்டங்கள். ரொம்ப அமைதியான இடம்.

இந்தப் பேர் 1,250 வருஷத்துக்கும் மேல பழசு. ஆனா 8ஆம் நூற்றாண்டுல தூர்காவ்னு ஒருத்தர் சொன்னா, அதுக்குள்ள சூரிச், விண்டர்தூர், செயின்ட் காலன் பக்கமெல்லாம் அடங்கும். இன்னைக்கு இதுல ஒரு ஊர்கூட தூர்காவ்ல கிடையாது. அப்படின்னா மீதி இடமெல்லாம் எங்க போச்சு?

யாரோ படையெடுத்து வந்து பிடுங்கிட்டாங்கன்னு நினைக்கத் தோணும். அதுவும் நடந்துச்சு, ஆனா ரொம்பப் பின்னாடி. அதுக்கு முன்னாடியே அது வேற விதமாக் கரைய ஆரம்பிச்சிடுச்சு. அது புரியணும்னா, அந்தக் காலத்துல 'எல்லை'ன்னா என்னன்னு முதல்ல பார்த்துடலாம்.

கொஞ்சம் பின்னணி. அந்தப் பகுதியில வாழ்ந்தவங்க அலமான்னி மக்கள். அவங்களை ஃப்ராங்க் அரசர்கள் 6ஆம் நூற்றாண்டுலயே தங்களுக்குக் கீழ கொண்டுவந்தாங்க. ஆனாலும் உள்ளூர் டியூக்குகள் கை ஓங்கியே இருந்துச்சு. 746ல கான்ஸ்டாட்ங்கிற இடத்துல கார்லமான் அந்த அலமான்னி பிரபுக்களை மொத்தமா நொறுக்கினார். இவர் பின்னாடி வந்த பேரரசர் சார்லமேனுக்குப் பெரியப்பா. அதுக்கப்புறம் ஃப்ராங்க் அரசு தன்னோட ஆட்களை நேரடியா அனுப்பி ஆள ஆரம்பிச்சது. அந்த ஆளுக்குப் பேர் 'கவுண்ட்'. லத்தீன்ல 'கோமெஸ்', அதாவது கூட இருப்பவர், அரசரோட தோழர்னு அர்த்தம்.

கவுண்டோட வேலை என்ன? அரசர் பேர்ல நீதிமன்றம் கூட்டணும். போர்னு வந்தா சுதந்திரமான ஆண்களைத் திரட்டிட்டுப் போகணும். அபராதம் வசூலிக்கணும், அதுல மூணுல ஒரு பங்கு அவருக்கு. இப்படி ஒருத்தர் வேலை பார்க்கிற வட்டாரத்துக்கு லத்தீன்ல 'பாகஸ்', ஜெர்மானிய மொழியில 'காவ்'. தூர் ஆத்தைச் சுத்தி இருக்கிற காவ், தூர்காவ். அவ்ளோதான். பிரெஞ்சுல நாட்டைக் குறிக்கிற 'பேயி'ங்கிற வார்த்தையும் இந்த பாகஸ்ல இருந்து வந்ததுதான்.

இந்த தூர்காவ் எது வரைக்கும் இருந்துச்சுன்னு நமக்கு எப்படித் தெரியும்? அந்தக் காலத்து வரைபடம் எதுவும் இல்ல. எல்லைக்கல் பட்டியலும் இல்ல. ஆனா செயின்ட் காலன் மடத்தோட பத்திரங்கள் இருக்கு. 719ல ஓட்மார்ங்கிறவர் தலைமையில அந்த மடம் முறையா ஆரம்பிச்சது. கி.பி. 1000க்கு முந்தைய மூலப் பத்திரங்கள் நூத்துக்கணக்குல இன்னைக்கும் அங்க பத்திரமா இருக்கு. ஐரோப்பாவுல அந்த அளவுக்கு வேற எங்கயும் கிடைக்கிறது ரொம்ப அபூர்வம்.

ஒரு உதாரணம். 744ல பியாட்டான்னு ஒரு அம்மா சூரிச் ஏரிப் பக்கம் இருந்த தன்னோட சொத்துக்களை மடத்துக்கு வித்தாங்க. ரோமுக்கு யாத்திரை போகக் காசு வேணும்னு. இந்த மாதிரிப் பத்திரங்கள்ல நிலம் எந்த ஊர்ல இருக்கு, சாட்சி யார், எந்த அரசரோட எத்தனையாவது வருஷம்னு எழுதுவாங்க. பெரும்பாலும் எந்த பாகஸ், யார் கவுண்ட்டுன்னும் சேர்த்துச் சொல்வாங்க.

வரலாற்று ஆய்வாளர்கள் கையில இருக்கிறது இவ்ளோதான். 'தூர்காவ் பாகஸ்ல இருக்கிற ஊர்'னு பத்திரம் சொல்லுதா? மேப்ல ஒரு புள்ளி வை. அடுத்த பத்திரம், அடுத்த புள்ளி. ஆத்துப் பள்ளத்தாக்குல புள்ளிகள் நெருக்கமா வரும். நடுவுல பெரிய காடு, மலை, அங்க ஒண்ணுமே இருக்காது. அதைத் தாண்டினா வேற காவோட புள்ளிகள் ஆரம்பிக்கும். அட்லஸ்ல நாம பார்க்கிற அழகான வளைவுக் கோடு, பின்னாடி யாரோ இந்தப் புள்ளிகளுக்கு நடுவுல போட்டது.

இன்னொரு சிக்கலும் இருக்கு. சில பத்திரங்கள்ல 'தூர்காவ் பாகஸ்ல, சூரிச்காவ் பகுதியில'ன்னு ரெண்டும் சேர்ந்தே வரும். அதாவது சூரிச்காவ் அப்போ தூர்காவோட வயித்துக்குள்ள இருந்த ஒரு சின்ன வட்டாரம். 9ஆம் நூற்றாண்டோட நடுவாக்குல அது தனிக் காவ் ஆயிடுது. இதுக்காகச் சண்டை எதுவும் நடக்கல. இந்த ஊர்க்காரங்க இனிமே இந்த கவுண்ட்டோட சபைக்கு வரணும், அவ்ளோதான் மாத்தம். எல்லை மண்ணுல இல்ல, 'உன் வழக்கை யார் விசாரிக்கிறது'ங்கிற கேள்வியில இருந்துச்சு.

ஏதோ ஆபீஸ் விஷயம் மாதிரி தோணலாம். ஆனா இதுல உயிரே போயிருக்கு. மடத்தை ஆரம்பிச்ச ஓட்மாரையே எடுத்துக்கோங்க. மடத்துக்கு ஜனங்க நிலம் எழுதிவைக்க வைக்க, அது பெரிய சொத்தாச்சு. ஃப்ராங்க் அரசுக்காக அந்தப் பகுதியை நிர்வகிச்ச வாரின், ருத்ஹார்ட்னு ரெண்டு கவுண்ட்டுகள் அந்த நிலத்துல கை வெச்சாங்க. ஓட்மார் அரசர்கிட்ட முறையிட்டார். 759ல அவங்க அவரையே பிடிச்சு, ஒழுக்கக்கேடுன்னு குற்றம் சாட்டி, ரைன் ஆத்துல வேர்ட்ங்கிற குட்டித் தீவுல காவல்ல வெச்சாங்க. அதே வருஷம் நவம்பர் 16 அங்கயே செத்துப்போனார். இந்தக் கதையை நமக்குச் சொன்னவங்க மடத்துக்காரங்கதான், அதையும் மனசுல வெச்சுக்கணும். ஆனா கவுண்ட்டோட அதிகாரம் எங்க முடியுது, மடத்தோட உரிமை எங்க ஆரம்பிக்குதுங்கிறது அப்போ எவ்ளோ பெரிய விஷயம்னு இதுல புரியுது.

மடம் கடைசியில ஜெயிச்சது. 818ல பேரரசர் லூயி அதுக்கு 'இம்யூனிட்டி' கொடுத்தார். அதாவது மடத்து நிலத்துக்குள்ள கவுண்ட் கால் வெச்சு நீதிமன்றம் நடத்தக் கூடாது, வரி வசூலிக்கக் கூடாது. இப்போ யோசிச்சுப் பாருங்க. தூர்காவ் முழுக்க மடத்து நிலம் அங்கங்க சிதறிக் கிடக்குது. அந்த ஒவ்வொரு துண்டும் கவுண்ட்டோட கைக்கு வெளிய போயிடுச்சு. வெளி விளிம்பு அப்படியே இருக்கு, உள்ளுக்குள்ள ஓட்டை ஓட்டையா விழுது. இந்த வகை மாத்தத்தைக் கோடு போட்ட எந்த மேப்பும் காட்டாது.

அப்புறம் கவுண்ட் பதவி குடும்பச் சொத்தாச்சு. விண்டர்தூர் பக்கத்துல இருக்கிற கைபர்க் கோட்டைக் குடும்பம் தூர்காவை ஆண்டது. 1264ல அவங்களுக்கு ஆண் வாரிசு இல்லாமப் போக, ஹாப்ஸ்பர்க் ருடால்ஃப் எடுத்துக்கிட்டார். 15ஆம் நூற்றாண்டுல கைபர்க் பக்கத்துப் பகுதி சூரிச் நகரத்துக்கு அடமானமாப் போச்சு. கோட்டை இன்னைக்கும் சூரிச் மாநிலத்துலதான் இருக்கு. 1460ல ஸ்விஸ் கூட்டணியோட ஏழு உறுப்பினர்கள் மீதி தூர்காவைப் பிடிச்சுப் பொதுச் சொத்தா ஆண்டாங்க. 1798ல அது விடுதலையாகி, 1803ல நெப்போலியன் போட்ட ஏற்பாட்டுல முழு மாநிலம் ஆச்சு. அதே ஏற்பாட்டுல செயின்ட் காலனும் தனி மாநிலம்.

ஆக இன்னைக்கு தூர்காவ்ங்கிறது, எல்லாரும் எடுத்துட்டுப் போனதுக்கு அப்புறம் மிச்சம் இருக்கிறது. பேர் மட்டும் முழுசா அங்கயே தங்கிடுச்சு.

இதை ஏன் இவ்ளோ விலாவாரியாச் சொல்றேன்? 'க்ரூஸேடர் கிங்ஸ்' மாதிரி கேம்ல இந்த இடைக்கால மாவட்டமெல்லாம் கலர் கலரா, கட்டம் கட்டமா இருக்கும். விளையாட ஜாலிதான். ஆனா 19ஆம் நூற்றாண்டு ஜெர்மன் ஆய்வாளர்கள் பலர் நிஜமாவே அப்படித்தான் நம்பினாங்க. பழைய ஜெர்மனி முழுக்க ஒரு இடம் விடாமக் காவ் காவாப் பிரிஞ்சிருந்துச்சுன்னு. அப்புறம் 1920கள்ல நாஜிக் கட்சி தன்னோட வட்டாரக் கிளைகளுக்கு அந்தப் பேரையே வெச்சது. அதோட தலைவர்தான் 'காவ்லைட்டர்'. ஏதோ ஆதிகால ஒழுங்கைத் திரும்பக் கொண்டுவர்ற மாதிரி ஒரு பாவனை. அப்படி ஒரு ஒழுங்கு இருந்ததே இல்லைன்னு செயின்ட் காலன் பத்திரங்களைப் படிச்சாலே தெரிஞ்சிடும்.

'இந்த நிலம் ஆயிரம் வருஷத்துக்கு முன்னாடி எங்களோடது'ன்னு யாராவது ஒரு மேப்பைக் காட்டினா, அந்தக் கோட்டைப் போட்டது யார், எந்த வருஷம், எந்தப் பத்திரத்தை வெச்சுன்னு கேளுங்க. பல நேரம் அந்த மேப் அது காட்டுற காலத்தை விட ஆயிரம் வருஷம் இளசா இருக்கும்.

கடைசியா ஒரு விஷயம். தூர்காவுக்கு வடக்கே இருக்கிற கான்ஸ்டன்ஸ் ஏரியைச் சுத்தி ஜெர்மனி, ஆஸ்திரியா, ஸ்விட்சர்லாந்து மூணு நாடு இருக்கு. ஏரியோட பெரிய பகுதியான மேல் ஏரியில எல்லை எங்க ஓடுதுன்னு மூணு நாடும் இன்னை வரைக்கும் ஒப்பந்தம் போடல. மீன்பிடி, கப்பல் போக்குவரத்துன்னு ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியாப் பேசி வெச்சிருக்காங்க. வேலை நடக்குது. யார் எதுக்குப் பொறுப்புன்னு தெரிஞ்சாப் போதும், கோடு அப்புறம்னு. 8ஆம் நூற்றாண்டு கவுண்ட்டுக்கு இது சட்டுன்னு புரிஞ்சிருக்கும்.

இன்னைக்கு இவ்ளோதான். அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.