லா மங்கா ஹோட்டலில் உடைந்த விளக்கு

வாங்க, செருப்பைக் கையில் எடுத்துக்கிட்டுப் பூனை நடையில் வாங்க! அன்று பத்திரிகைக்காரர்கள் எட்டிக்கூடப் பார்க்க முடியாத இடத்துக்குள், உள்ளே இருந்தவர்கள் பிற்பாடு சொன்ன கதைகளின் புண்ணியத்தில், நாம் நுழைந்துவிட்டோம். 1998 மே 31, ஸ்பெயினின் லா மங்கா ஹோட்டல். கோல்ஃப் மைதானம், நீச்சல் குளம், சுள்ளென்று வெயில். இங்கிலாந்து கால்பந்து முகாமில் இருப்பவர்கள் 28 பேர். உலகக்கோப்பைக்கு ஃபிரான்ஸ் போகப்போவது 22 பேர்தான்.

குளத்தருகே பாருங்கள், வைவா தேர்வுக்குக் காத்திருக்கும் பையன்கள் மாதிரி கோடீஸ்வரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சில நிமிட இடைவெளியில் ஒரு நேரம். முறை வந்ததும் பயிற்சியாளர் க்ளென் ஹாடிலின் அறைக்குப் போக வேண்டும். உள்ளே கென்னி ஜியின் சாக்ஸபோன் மெல்ல இழைகிறது. ஆளை வீட்டுக்கு அனுப்ப இப்படியொரு பின்னணி இசை! யாருக்குத் தோன்றிய யோசனையோ, சிரிப்பை அடக்க முடியவில்லை.

ஷ்ஷ்… காஸா வருகிறார். பால் காஸ்காய்ன், இங்கிலாந்துக்கு 57 ஆட்டம், 10 கோல். 31 வயது முடிந்து நாலு நாள்தான் ஆகிறது. காலையிலிருந்தே குடி. அணியில் இடமில்லை என்பது அவருக்கு முன்பே புரிந்துவிட்டது. வசவு மழை, நாற்காலிக்கு ஒரு உதை, விளக்குக்கு ஒரு குத்து. கண்ணாடி சிதறுகிறது. சக வீரர்கள் ஓடிவந்து அழைத்துப் போகிறார்கள். அவ்வளவுதான், சில நிமிடக் கூத்து.

நாம் கொஞ்சம் இங்கேயே நிற்போம். ஏனென்றால் அதே கதவு வழியாக இன்னும் ஐந்து பேர் தலை கவிழ்ந்து வெளியே வருகிறார்கள். டியான் டப்ளினைப் பாருங்கள். அந்த சீசனில் பிரீமியர் லீகில் அதிக கோல் அடித்த மூவரில் ஒருவர், 18 கோல். இளையவர் பில் நெவிலுக்கு இடமில்லை, அண்ணன் கேரிக்கு உண்டு. அந்த இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள்? நிக்கி பட், இயன் வாக்கர், ஆண்டி ஹின்ச்க்ளிஃப் மூவரும் விளக்கு எதையும் உடைக்கவில்லை. அதனால் அவர்களுக்குத் தலைப்புச் செய்தியும் இல்லை.

காஸாவுக்கு இடமில்லை என்றதும் லண்டன் பத்திரிகைகள் தேசமே இடிந்துவிட்டதுபோல் குதித்தன. இதில் வேடிக்கை என்னவென்றால், சற்று முன்புதான் நள்ளிரவில் கெபாப்பும் கையுமாக அவரைப் படம்பிடித்துப் போட்டு, 'இவனுக்கெல்லாம் உடம்பு தேறுமா' என்று கூச்சலிட்டதும் இதே பத்திரிகைகள்தான்! தேறவில்லை என்று ஹாடில் சொன்னதும், அவரே வில்லன்.

அப்புறம் ஹாடிலும் சும்மா இருந்தாரா? ஆகஸ்டிலேயே அந்த அறைக்குள் நடந்ததையெல்லாம் புத்தகமாகக் கொட்டிவிட்டார். உடன் எழுதியவர் டேவிட் டேவிஸ். இங்கிலாந்து கால்பந்துச் சங்கத்தின் ரகசியங்களைப் பத்திரிகைகளிடமிருந்து காக்க வேண்டிய மக்கள் தொடர்பு அதிகாரியே அவர்தான்! நம் வேலையை இவ்வளவு சுலபமாக்கியவருக்கு ஒரு கும்பிடு போட்டுக்கொள்ளலாம்.

காஸா அதன்பின் இங்கிலாந்துக்கு ஆடவே இல்லை. பத்திரிகைகள் அவரை மறக்க ஒரு மாதம்கூட ஆகவில்லை. ஜூன் 30 அன்று உலகக்கோப்பையில் அர்ஜென்டினாவுக்கு எதிராக இங்கிலாந்து வீரர் பெக்காம் சிவப்பு அட்டை வாங்கினார். பத்து வீரச் சிங்கங்கள், ஒரு முட்டாள் பையன் என்று மறுநாளே தலைப்புப் போட்டது டெய்லி மிரர். அடித்துத் துவைக்க அவர்களுக்குப் புது ஆள் கிடைத்துவிட்டான்.