ரோமானி அகராதிக்கு ஆம்பூரில் ஒரு பரீட்சை

மெதுவாக உள்ளே வாருங்கள், இங்கே ஓர் அகராதிக்குப் பரீட்சை நடக்கிறது! ஐரோப்பா முழுக்கச் சிதறியிருக்கும் ரோமா மக்களின் ரோமானி மொழிக்கும் ஆங்கிலத்துக்குமான அகராதி. இதைச் சோதிக்க லண்டன் வரை போவானேன்? தோல் ஷாப்புகள் வரிசைகட்டி நிற்கும் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டுப் பக்கம் வீட்டில் தக்னி உருது பேசுகிற யாரையாவது பிடித்து உட்காரவைத்தால் போதும்.

தண்ணீருக்கு ரோமானியில் ‘பானி’. காதுக்கு ‘கான்’. பக்கத்தைப் புரட்டும் முன்பே பதில் வந்துவிடும். எண்களில் ஆறு வரை நம்மூர் வாடைதான். ஏழு, எட்டு, ஒன்பதுக்கு வந்தால் ‘எஃப்தா’, ‘ஒஃக்தோ’, ‘எனியா’ என்று சுத்தமான கிரேக்கம்! ரோமா மக்கள் கிரேக்கம் பேசிய பைசாந்தியத்தில் தங்கிப் போனதற்கு விடுதி ரசீது மாதிரி. நல்ல அகராதி இதையும் குறிக்கவேண்டும். குறிக்காவிட்டால் மதிப்பெண் கட்.

என்னைத் துள்ளவைப்பது வேறொன்று. ஜெர்மனியின் ஹாலே நகரத்து யோஹான் ரூடிகர், பார்பரா மாகெலின் என்ற பெண்ணிடம் ரோமானி வாக்கியங்களைக் கேட்டு எழுதி, இந்துஸ்தானியோடு ஒப்பிட்டு, இம்மொழியின் வேர் இந்தியா என்று 1782இல் அச்சிட்டுக் காட்டினார். அவருக்கு இந்துஸ்தானி எங்கே கிடைத்தது? 1745இல் வெளியான பெஞ்சமின் சூல்ட்ஸின் இலக்கண நூலில். சூல்ட்ஸ் தரங்கம்பாடியிலும் சென்னையிலும் ஊழியம் செய்த மிஷனரி. அவர் காதில் விழுந்த இந்துஸ்தானி நம் பக்கத்துத் தக்னி! ஆம்பூர்க்காரரைப் பரீட்சகராக்கியது வேடிக்கைக்காக இல்லை, பாருங்கள்.

ஆனால் அவரும் வழுக்குவார். ‘பக்ரோ’ என்று ஒரு பதிவு. “வெள்ளாடு” என்பார், சட்டென்று. ரோமானியில் அது செம்மறி, வெள்ளாட்டுக்கு ‘புஸ்னோ’. தோல்காரருக்கு இது சின்ன விஷயமா? செம்மறித் தோல் மெத்தென்று கையுறைக்கும் ஜாக்கெட்டுக்கும் போகும். இறுக்கமான வெள்ளாட்டுத் தோல் ஷூவுக்கு. இரண்டுக்கும் பொதுவாக ‘ஆடு’ என்று எழுதி நழுவுகிற அகராதியை அவரே தூக்கி எறிந்துவிடுவார்.

மிச்சமிருப்பது கிளைமொழிச் சோதனை. ஆஸ்திரியாவின் கிராட்ஸ் பல்கலைக்கழகத்து ‘ரோம்லெக்ஸ்’ அகராதி கிளைமொழி வாரியாகச் சொற்களைப் பிரித்துத் தருகிறது. எல்லாவற்றையும் ஒரே ‘ரோமானி’ என்று கலந்துகட்டும் அகராதியோ, கிளைமொழிக்கு ஒன்றாகச் சொல்லைப் பொறுக்கி, ஒரு ரோமாவும் வீட்டில் பேசாத மொழியைத் தயாரித்துவிடும்!