டோல்கீனின் கதைக்கொள்கையும் தமிழ்ச் சொல்லாக்கமும்

ஆங்கில மொழிநூல் அறிஞரும் புனைகதை ஆசிரியருமான ஜே. ஆர். ஆர். டோல்கீன் (1892-1973), 1939இல் ஸ்காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூஸ் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய சொற்பொழிவு விரிவுபெற்று, 1947இல் ‘ஆன் ஃபேரி ஸ்டோரீஸ்’ என்னும் கட்டுரையாக வெளிவந்தது. கத்தோலிக்கரான அவர், சமய நம்பிக்கை, கதை, மொழி ஆகிய மூன்றும் தம்முள் கொண்டுள்ள உறவை விரிவாக விளக்கிய இடம் இதுவே எனலாம். இதன் கலைச்சொற்கள் சிலவற்றுக்கு அவரே புதுப்பொருள் தந்தார். சிலவற்றைத் தாமே ஆக்கினார். அவற்றைத் தமிழில் தருங்கால் பொருந்தாத சொல்லொன்று அமைந்துவிடின் கொள்கையே வேறாகிவிடும்.

தலைப்பிலேயே இடர் தொடங்குகிறது. டோல்கீன் சிறகுடைய சிற்றுருவங்களைப் பற்றிப் பேசவில்லை. ஃபேரி என்பது அவருக்கு ஓர் உலகின் பெயர். தமிழில் ‘தேவதை’யோ ஊர்த்தெய்வத்தையும் குறிக்கும் சொல். ‘மாயக்கதை’ எனின் பொய்த்தோற்றம் என்னும் பொருள் வந்து சேரும். புனைவு பொய்யன்று என நிறுவ முற்படும் கட்டுரைக்கு அது நேர்மாறானது. ‘விந்தையுலகக் கதை’ என்பது ஓரளவு பொருந்தும்.

கட்டுரையின் நடுநாயகமான கருத்து இலக்கணத்திலிருந்து எழுகிறது. புல்லைக் கண்ட மனித மனம், அது புல் என்பதோடு பச்சை என்றும் உணர்ந்து, பண்பைப் பொருளினின்று பிரித்தெடுத்தது. பிரித்த பண்பை வேறொன்றின்மேல் ஏற்றப் பச்சைச் சூரியன் பிறக்கிறது. விந்தையுலகின் எந்த மந்திரமும் பெயரடையின் ஆற்றலை விஞ்சாது என்பார் டோல்கீன். ‘பசும்புல்’ என்னும் பண்புத்தொகையைப் ‘பசுமை + புல்’ எனப் பிரித்தெழுதும் தமிழ் மாணவரும் இதே செயலைத்தான் செய்கிறார். அதன் விந்தையை உணர்வதில்லை, அவ்வளவே. ஆயினும் பச்சைச் சூரியன் என்று சொல்வது எளிது. அச்சூரியன் நம்பத்தக்கதாய் ஒளிரும் உலகொன்றை ஆக்குவது அரிது. இவ்வரிய செயலே ‘சப்கிரியேஷன்’ எனப்படுகிறது.

மனிதன் படைப்பவர் ஒருவரின் சாயலில் படைக்கப்பட்டவன். ஆதலின் அவனும் படைக்கிறான் என்பது இச்சொல்லுக்கு அடிப்படையான சமயக் கருத்து. ‘துணைப்படைப்பு’ எனின் படைப்புக்கு உதவி செய்தல் என்றாகும். ‘கீழ்ப்படைப்பு’ தரக்குறைவைச் சுட்டும். தொல்காப்பிய மரபியல் நூலை முதல்நூல், வழிநூல் என இருவகைப்படுத்தி, முதல்நூலை வினையின் நீங்கிய முனைவனுக்கு உரியதாக்குகிறது. வழிநூல் வகைகளுள் மொழிபெயர்ப்பையும் சேர்க்கிறது. எனவே ‘வழிப்படைப்பு’ என்னும் ஆக்கம் மூலச்சொல்லின் பொருளுக்கு மிக நெருங்கி வருகிறது. வழிநூல் முதல்நூலின் முடிபோடு ஒத்துச்செல்ல வேண்டும். வழிப்படைப்புக்கோ தன்னுள் முரணாமையே கட்டாயம். இவ்வேறுபாட்டை முன்னுரையிலோ அடிக்குறிப்பிலோ சுட்டினால் போதும். அதற்காக இச்சொல்லைக் கைவிட வேண்டியதில்லை.

இதிலிருந்தே வாசகரின் நம்பிக்கை பற்றிய கருத்தும் பிறக்கிறது. நம்பாமையை விரும்பி ஒத்திவைத்தல் என்னும் கோல்ரிட்ஜின் வழிவந்த விளக்கத்தை (1817) டோல்கீன் போதியதாகக் கொள்ளவில்லை. ஒத்திவைக்க வேண்டிய நிலை வந்தால் கலை தோற்றுவிட்டது என்று பொருள். நல்ல கதையினுள் இருக்கும்வரை வாசகர் அதனை நம்புகிறார். ஐயம் தோன்றிய கணமே வெளியே நிற்கிறார்.

‘யூகடாஸ்ட்ரஃபி’ என்பது டோல்கீனே ஆக்கிய சொல். அழிவு உறுதி என்னும் கட்டத்தில், எதிர்பாராது நேரும் மகிழ்ச்சியான மாற்றத்தை அது குறிக்கும். கிரேக்கத்தில் ‘யூ’ நன்மையையும், ‘கடாஸ்ட்ரஃபி’ கவிழத் திரும்புதலையும் உணர்த்தும். ‘இன்ப முடிவு’ என்பது திரைப்பட விமரிசன வழக்காகிவிட்டமையால் விலக்கத்தக்கது. ‘நற்றிருப்பம்’ எனலாம். கவிழ்தல் என்னும் பொருள் இதில் மறைவது இழப்பே. ஆனால் பெறுவதும் ஒன்றுண்டு. கட்டுரையின் முடிவுரையில், கிறிஸ்துவின் பிறப்பை மானிட வரலாற்றின் யூகடாஸ்ட்ரஃபி என்றும், உயிர்த்தெழுதலை மனுவுருவான கதையின் யூகடாஸ்ட்ரஃபி என்றும் டோல்கீன் உரைக்கிறார். அக்கதையைச் சொல்லும் நூலுக்குக் கிரேக்கப் பெயர் ‘யூவாங்கெலியோன்’. தமிழில் ‘சுவிசேஷம்’, ‘நற்செய்தி’. யூ, சு, நல் என மும்மொழியிலும் முன்னொட்டு ஒத்து நிற்றலின், நற்செய்தியும் நற்றிருப்பமும் தமிழில் வெளிப்படையாகவே உறவுகொள்கின்றன. ஆங்கிலத்தின் ‘காஸ்பெல்’ பழைய ‘காட்ஸ்பெல்’லின் திரிபாதலால் அவ்வுறவு அங்கே கண்ணுக்குத் தெரிவதில்லை.

இத்தகைய சமயக்கொள்கை உடையவரின் புனைவில் வழிபாடோ ஆலயமோ ஏறத்தாழ இல்லை என்பது முதல் நோக்கில் வியப்பளிக்கும். ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ (1954-55) அடிப்படையில் சமயநூலே என்றும், அதனாலேயே சமயக் குறிப்புகளை நீக்கியதாகவும் 1953இல் எழுதிய கடிதமொன்றில் அவர் விளக்கினார். சமயம் கதையின் கட்டமைப்பில் கரைந்துவிட்டது என்பது அதன் கருத்து. உருவகக்கதையை அவர் வெறுத்தமையும் இதனோடு சேர்த்து நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் மொழிபெயர்ப்பாளரின் தேர்வு நுட்பமானது. மோதிரம் பில்போவின் கையில் சேரவேண்டும் என்றே குறிக்கப்பட்டிருந்தது. அதை ஆக்கியவனால் அன்று என்கிறான் கேண்டால்ஃப். யாரால் என்பது சொல்லப்படவில்லை. ஆங்கிலச் செயப்பாட்டுவினை கருத்தாவை மறைத்து வைக்கிறது. தமிழிலும் ‘படு’ துணைவினை அதற்கு இடந்தரும். ‘ஊழால்’ என்றோ ‘இறைவனால்’ என்றோ மூன்றாம் வேற்றுமைச் சொல்லொன்றைச் சேர்த்தால் தொடர் தமிழுக்கு இயல்பாகிவிடும். ஆசிரியர் நீக்கியதும் உடன் திரும்பி வந்துவிடும்.