மவுஸ் அப்பா கையில் இருக்கட்டும்

ஊரில் இருக்கும் அப்பாவின் கம்ப்யூட்டரைச் சென்னையிலிருந்தோ சிங்கப்பூரிலிருந்தோ சரிசெய்து கொடுப்பது இன்று பல வீடுகளில் பிள்ளைகளின் வேலை. பிரிண்டர் ஓடவில்லை, இங்கிலீஷில் டைப் அடித்தால் தமிழ் விழுகிறது, திரையின் மூலையில் ‘வைரஸ்’ என்று சிவப்பாக ஏதோ எட்டிப் பார்க்கிறது. “இடது பக்கம், கீழே பாருங்கப்பா” என்று போனில் சொல்லிச் சொல்லித் தொண்டை வற்றியவர்களுக்கு எனிடெஸ்க், டீம்வியூவர், குவிக் அசிஸ்ட் போன்ற மென்பொருள்கள் எல்லாம் பெரிய வரம். அப்பா ஒரு எண்ணைச் சொல்லியோ, நாம் சொல்லும் குறியீட்டைப் பதித்தோ சம்மதம் கொடுத்தால் போதும். அவருடைய திரை நம் முன்னால் விரிந்துவிடும்.

திருடனும் இதே வாசல் வழியாகத்தான் வருகிறான். எனிடெஸ்க்கை வைத்து யுபிஐ பணத்தைச் சுருட்டும் மோசடி பற்றி 2019 பிப்ரவரியிலேயே ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளை எச்சரித்தது. வங்கியிலிருந்து பேசுவதாக ஒருவன் அழைப்பான். ஆப்பை இறக்கச் சொல்வான். அதில் தெரியும் 9 இலக்க எண்ணைக் கேட்பான். வரும் அனுமதிகளுக்கெல்லாம் சரி என்று அழுத்தச் சொல்வான். அந்த ஆப்பில் குற்றமில்லை. பிள்ளைகளுக்காக அப்பா வழக்கமாக என்ன செய்கிறாரோ, அதையேதான் அவனுக்கும் செய்கிறார். “எது வந்தாலும் ஓகே கொடுங்கப்பா, நான் பார்த்துக்கிறேன்” என்று ஆபீஸ் அவசரத்தில் நாம் சொல்லும் ஒவ்வொரு முறையும், அவனுக்குத் தோதாக அவரைப் பழக்கிக்கொண்டிருக்கிறோம். இதை எண்ணினால் எனக்குப் பதறுகிறது.

உதவும் முறையை மாற்றினால் இந்தப் பழக்கமும் மாறும். விண்டோஸில் கன்ட்ரோல், விண்டோஸ், க்யூ மூன்றையும் சேர்த்து அழுத்தினால் குவிக் அசிஸ்ட் திறக்கும். உதவுகிறவருக்கு மட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கு இருந்தால் போதும். அவர் தரும் குறியீடு 10 நிமிடம்தான் செல்லும். எனக்கு இதில் பிடித்த விஷயம், முதலில் திரையைப் பார்க்க மட்டுமே முடியும் என்பது. மவுஸை நகர்த்தத் தனியாக அனுமதி கேட்க வேண்டும். கேட்காதீர்கள். பார்த்துக்கொண்டே பேசுங்கள், அப்பாவே அழுத்தட்டும்.

அந்த ‘வைரஸ்’ எச்சரிக்கையையே எடுத்துக்கொள்வோம். பெரும்பாலும் அது வைரஸே அல்ல. ஏதோ ஒரு தளம் அறிவிப்பு அனுப்பலாமா என்று கேட்டபோது தெரியாமல் ‘அனுமதி’யைத் தொட்டிருப்பார். குரோமின் செட்டிங்ஸில் தளங்களுக்கான அமைப்புகளுக்குப் போய், நோட்டிஃபிகேஷன்ஸ் பட்டியலைத் திறந்து, அந்தத் தளத்தின் பெயரை நீக்கினால் தொல்லை நின்றுவிடும். நாமே செய்தால் அரை நிமிட வேலை. அவர் தேடித்தேடிச் செய்தால் கால் மணி நேரம்கூட ஆகலாம், ஆகட்டும். இத்தகைய எச்சரிக்கைகளின் கீழே ‘உதவிக்கு அழைக்கவும்’ என்று ஒரு போன் நம்பரும் பல நேரம் இருக்கும். மறுமுனையில் காத்திருப்பவன் மோசடிக்காரன். எச்சரிக்கை எங்கிருந்து வருகிறது என்று தன் கண்ணால் பார்த்துத் தன் கையால் நீக்கியவர் அந்த நம்பருக்கு எளிதில் போன் செய்யமாட்டார்.

கம்ப்யூட்டரில் பெரிய மாற்றம் செய்யும் சமயம் விண்டோஸ் அனுமதி கேட்கும். அப்போது நம் பக்கம் திரை கறுத்துப்போகும். அங்கே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும்தான் அது தெரியும். “என்ன எழுதியிருக்குன்னு வாசிங்கப்பா” என்று கேளுங்கள். எந்த மென்பொருள், யார் தயாரித்தது என்று அவர் எழுத்துக்கூட்டியாவது படிக்கட்டும். புரிந்த பிறகு ‘யெஸ்’ கொடுக்கட்டும். வாசிக்காமல் அழுத்தக்கூடாது என்ற பழக்கம் இப்படித்தான் கையில் ஏறும்.

கேட்காமலேயே எப்போதும் உள்ளே நுழைய நிரந்தர பாஸ்வேர்டு வைத்துக்கொள்ளும் வசதி சில மென்பொருள்களில் உண்டு. கண் பார்வை குன்றியவர்களுக்கு வேண்டுமானால் சரி. மற்றவர்களுக்கு வேண்டாம் என்பேன். அப்பாவின் கடிதங்களும் கணக்குகளும் அந்தக் கம்ப்யூட்டரில் இருக்கின்றன. பெற்ற பிள்ளையானாலும் கேட்டுவிட்டு வருவதுதான் மரியாதை. வீட்டில் ஒரே ஒரு விதி போதும்: உதவி வேண்டும் என்றால் அப்பாதான் நம்மை அழைப்பார். தானாக அழைத்து எண் கேட்கிறவர் யாராயினும், நம் குரலில் பேசினாலும், போனை வைத்துவிட்டு நம் நம்பருக்கு அப்பா திரும்ப அழைக்க வேண்டும்.

மோசடிக்காரனிடம் அப்பா எண்ணைக் கொடுத்துவிட்டார் என்று தெரிந்தால் உடனே இன்டர்நெட்டைத் துண்டிக்கச் சொல்லுங்கள். பணம் போயிருந்தால் வேறொரு போனிலிருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் வங்கிக்கும் அழைக்க வேண்டும். சீக்கிரம் சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. பாஸ்வேர்டுகளை வேறொரு கருவியிலிருந்து மாற்றுங்கள். பிள்ளைகள் திட்டுவார்களே என்று பயந்து பெரியவர்கள் விஷயத்தை மறைத்துவிடுவதுண்டு. அதனால், இப்படி ஏதாவது நடந்தால் கோபப்படமாட்டோம் என்று இன்றைக்கே அவர்களிடம் சொல்லிவையுங்கள்.